யார் அழுத அழுகை

வளவன் அனுப்பிய கதையில் அமலராணியின் பாத்திரத்துக்குப் பெயர் இல்லை. 'பெண் 4' என்று போட்டிருந்தது. பெண் 1, பெண் 2, பெண் 3 என்று இன்னும் மூன்று பேர். நான்கு பேருமே கோடு போட்ட தொளதொள சட்டையில், கம்பிவேலிக்குப் பின்னால், கண்ணை அகல விரித்துக்கொண்டு நிற்கிறார்கள். படம் முழுக்க நிற்கிறார்கள். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு வரி வசனம் இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஜெர்மன் அதிகாரிக்குப் பெயர் இருந்தது. பியானோ இருந்தது. ஊரில் ஒரு மகள் இருந்தாள். மனசுக்குள் ஒரு போராட்டமும் இருந்தது.

படித்தபோதே அமலராணிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுக்கவில்லை. நடித்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

பாலக்கரையில் அவளைத் தெரிந்தவர்களுக்கு அவள் பாஸ்கா மேடையின் அமலராணி. தவக்காலம் முடியும் சமயத்தில் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடும்போது மகதலா மரியாளாக வந்து ஊரையே அழவைத்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அது நின்றுபோனது. யாரும் தடுக்கவில்லை, நேரம் கிடைக்கவில்லை. புத்தூரில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் வேலை. காலையிலிருந்து மாலைவரை அடுத்தவர் முழங்காலையும் தோள்பட்டையையும் மடக்கி நிமிர்த்தியே பொழுது போய்விடும்.

வளவன் கல்யாண வீடியோ எடுப்பவன். திருச்சியில் கொஞ்சம் வசதி உள்ள குடும்பம் என்றால் அவனுடைய ஆட்கள்தான் ட்ரோனோடு வந்து நிற்பார்கள். மணமகளை எந்த ஜன்னல் ஓரம் நிறுத்தினால் கண் பளபளக்கும் என்று அவனுக்குத் தெரியும். கல்யாண வேலையில் சம்பாதித்ததை எல்லாம் போட்டு ஒரு குறும்படம் எடுத்து வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பவேண்டும் என்பது அவனுடைய வெறி. ஹிட்லரின் வதைமுகாமில் யூதப் பெண்கள் பட்ட பாட்டைப் பற்றிய படம். பழைய பாஸ்கா வீடியோ ஒன்றில் அமலராணியின் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே தேடி வந்தான்.

"உங்க கண்ணு போதும்க்கா. வசனமே வேண்டாம். சைலன்ஸ்தான் உலகம் பூரா புரியற பாஷை."

அவள் ஏற்றுக்கொண்ட கையோடு படிக்க ஆரம்பித்தாள். முகாமிலிருந்து உயிரோடு திரும்பிய பெண்கள் எழுதிய நினைவுகளை நூலகத்திலும் போனிலும் தேடித் தேடிப் படித்தாள். படிக்கப் படிக்க அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தப் பெண்கள் வெறுமனே கண்ணை விரித்துக்கொண்டு நிற்கவில்லை. ரொட்டித் துண்டுக்குச் சண்டை போட்டார்கள். காவல்காரியைப் போல நடந்து காட்டிச் சிரித்தார்கள். பசி தாங்காத இரவுகளில் பலகைக் கட்டிலில் நெருக்கிப் படுத்துக்கொண்டு, தங்கள் வீட்டில் எந்தப் பண்டத்தை எப்படிச் செய்வார்கள் என்று ஒருத்தி சொல்ல, அப்படிச் செய்தால் அது நன்றாகவா இருக்கும் என்று இன்னொருத்தி மறித்திருக்கிறாள். இதைப் படித்த அன்று அமலராணியால் சாப்பிட முடியவில்லை. புகையும் வேலியும் பற்றி எத்தனையோ படத்தில் பார்த்திருந்தாள். இந்தச் சமையல் சண்டையை எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

ஒத்திகை ஸ்ரீரங்கத்தில், தேவதர்ஷினி வீட்டு மொட்டை மாடியில் நடந்தது. தேவதர்ஷினி ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். வளவனின் படத்தில் பெண் காவலராக நடிக்கிறாள். முதல் நாளே அமலராணிக்கும் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. ஒத்திகை முடிந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து காபி குடித்தபடி மாமியார் கதை, பள்ளிக்கூடக் கதை எல்லாம் பேசுவார்கள்.

ஒருநாள் ஒத்திகையின் நடுவில் அமலராணி கேட்டேவிட்டாள்.

"வளவன், இந்த நாலு பேருக்குள்ள ஒரு சண்டை வைக்கலாமா? சாப்பாட்டைப் பத்தி. உண்மையிலேயே நடந்திருக்கு. நான் படிச்சேன்."

"சண்டையாக்கா?" வளவன் முகத்தைச் சுளித்தான். "பார்க்கறவங்களுக்கு இவங்க மேல பரிதாபம் வரணும். சண்டை போட்டா எப்படி வரும்?"

"சாந்தமா இருந்தாத்தான் பரிதாபப்படுவாங்களா? வாயாடி ஒருத்தி இருந்தா அவளைக் கொன்னது பரவாயில்லையா?"

"அப்படிச் சொல்லலக்கா. இது சிம்பலிக். தனித்தனி ஆள் கிடையாது. அதனாலதான் பேரே வைக்கல. மனுஷங்களை அவங்க வெறும் நம்பரா ஆக்கினாங்கல்ல, அதைத்தான் காட்டறேன்."

"ஆக்கினது அவங்க. நீங்களும் ஏன் ஆக்கறீங்க? அந்த ஆபீசருக்கு மட்டும் பேரு, பொண்ணு, பியானோ எல்லாம் வச்சிருக்கீங்களே."

வளவன் சிரித்தான். "செம பாயின்ட்க்கா. யோசிக்கறேன்" என்றான். யோசித்ததாகத் தெரியவில்லை. அடுத்த வாரம் வந்த திருத்திய கதையில் ஒரு வெள்ளைப் புறாதான் புதிதாகச் சேர்ந்திருந்தது.

படப்பிடிப்பு அரியமங்கலத்தில், மூடிக் கிடந்த ஒரு பட்டறைக் கொட்டகையில். தகரக் கூரை, கரி பிடித்த சுவர், சிமெண்டுத் தரை. மூலையில் பழைய செருப்பும் ஷூவும் மலைபோல் குவித்து வைத்திருந்தார்கள். வளவனின் சொந்தக்காரர் வீடுகளில் எல்லாம் வாங்கிச் சேர்த்தது. அந்தக் குவியலைப் பார்த்ததும், இது முகாமில் கொல்லப்பட்டவர்களின் செருப்புக் குவியலைக் குறிக்கிறது என்று தெரிந்தும், அமலராணிக்கு ஒன்றும் தோன்றவில்லை. யாரும் சாகப்போகும்போது கழற்றிய செருப்பில்லையே என்றுதான் தோன்றியது.

முதல் நாள் காலை மேக்கப்காரர் பிலோமின்ராஜ் பெட்டியைத் திறந்தார். அவரும் பாலக்கரைதான். பாஸ்கா நாடகத்துக்குப் பல வருடமாக வேஷம் போடுகிறவர். பெட்டியிலிருந்து ரப்பரில் செய்த நான்கு மூக்குகளை எடுத்து வரிசையாக வைத்தார். நீண்டு, நுனி கிளி மூக்காக வளைந்த மூக்குகள்.

"இது என்னண்ணே?"

"யூதங்கன்னு தெரியணும்ல? நம்ம பாஸ்காவுல இயேசுவைக் கொல்லச் சொல்ற தலைமைக்குரு கயபாவுக்கு ஒட்டுவோமே, அதே அளவுதாம்மா. தம்பிதான் கொண்டாரச் சொன்னாரு."

அமலராணி அந்த மூக்கைக் கையில் எடுத்துப் பார்த்தாள். எத்தனை வருடம் மேடையில் இந்த மூக்குக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். ஒருநாளும் யோசித்ததில்லை. மூவரும் யூதர்கள்தான்; இயேசுவுக்கு ஒட்டாத மூக்கு, மரியாளுக்கு ஒட்டாத மூக்கு, கயபாவுக்கு மட்டும் ஏன் என்று கேட்டதில்லை. அவளுக்கு முகம் சூடேறியது. நேராக வளவனிடம் போனாள்.

"இதை ஒட்டினா நான் நடிக்க மாட்டேன். இந்த மாதிரி மூக்கைப் போஸ்டர்ல வரைஞ்சு வரைஞ்சு ஒட்டித்தான் அவங்க மேல ஜனங்களுக்கு வெறுப்பை ஏத்துனாங்க. கொலை பண்ணவன் வரைஞ்ச முகத்தை வச்சே செத்தவங்களுக்குப் படம் எடுப்பீங்களா?"

வளவன் அவள் கையிலிருந்த மூக்கைப் பார்த்தான். பிறகு மூக்கை வாங்கிப் பெட்டிக்குள் போட்டான்.

"தப்புதான்க்கா. எனக்குத் தோணவே இல்லை. தூக்கிடலாம்."

பிலோமின்ராஜ் முகம் வாடிப்போய், "நான் கெட்ட எண்ணத்துல கொண்டாரலம்மா" என்றார்.

"தெரியும்ண்ணே. எனக்கும் இத்தனை நாள் தோணலையே."

சொன்னதும் கேட்டுக்கொண்டானே என்று வளவன் மேல் அவளுக்கு மதிப்பு வந்தது. இரண்டாம் நாள் அவள் அத்தனை நம்பிக்கையோடு கேமராவுக்கு முன்னால் ஸ்டூலில் போய் உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

இரண்டாம் நாள் எடுக்கவேண்டியது முடி மழிக்கும் காட்சி. எப்படி எடுப்பது என்று முன்பே பேசி முடிவாகியிருந்தது. பெண் 4 ஸ்டூலில் உட்காருவாள். காவலர் அவள் பின்னலைப் பிடித்து இழுத்து, முடி வெட்டும் மெஷினை நெற்றிக்குப் பக்கத்தில் கொண்டுவருவாள். அங்கே கட். அப்புறம் பிலோமின்ராஜ் அவள் தலையில் மொட்டைபோலத் தெரியும் ரப்பர் தோலை ஒட்டுவார். மீதி அந்தத் தோலோடு. அமலராணியின் முடி இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. அதில் கை வைக்கக்கூடாது என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். "அய்யோ அக்கா, என்ன பேசறீங்க" என்று வளவன் கையெடுத்துக் கும்பிட்டிருந்தான்.

உட்கார்ந்தாள். விளக்குச் சூடு கன்னத்தில் அடித்தது. தேவதர்ஷினி காக்கி கோட்டும் தொப்பியுமாக அருகில் வந்தாள். அவள் கண் ஏதோ சரியில்லாமல் இருப்பதை அமலராணி கவனித்தாள். பதற்றம் என்று நினைத்துக்கொண்டு, "பயப்படாத தேவி, நல்லா இழு, எனக்கு வலிக்காது" என்று மெதுவாகச் சொன்னாள்.

"ஆக்‌ஷன்."

பின்னல் இழுபட்டது. தலை பின்னால் சாய்ந்தது. மெஷின் நெற்றிக்கு வந்தது. கட் சொல்வான் என்று அமலராணி காத்திருந்த அந்த நொடியில் மெஷின் உறுமியது. குளிர்ந்த இரும்பு நெற்றி ஓரத்திலிருந்து உச்சிவரை ஒரே இழுப்பாக ஏறியது. அவள் மடியில் ஏதோ கனமாக விழுந்தது. குனிந்து பார்த்தாள். அவளுடைய முடி.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. மெஷினைத் தவறிப்போய் ஆன் செய்துவிட்டாள் போல என்று தோன்றியது. தேவதர்ஷினியை நிமிர்ந்து பார்த்தாள். தேவதர்ஷினி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். வளவனைப் பார்த்தாள். வளவன் மானிட்டர் திரையில் கண்ணை வைத்தபடி, நிறுத்தாதே என்று கையால் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். அப்போதுதான் புரிந்தது. கொட்டகையில் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். லைட் பிடித்தவன், மைக் பிடித்தவன், மற்ற மூன்று பெண்கள், டீ கொண்டுவந்தவன். ஒருத்தர் அசையவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அவள் உதடு கோணி, தொண்டை அடைத்து, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கையை உயர்த்தித் தலையைத் தொட்டாள். வழுக்கென்று தோல் தட்டுப்பட்டது.

மெஷின் இரண்டாவது தடவை வந்தபோது அவள் அதைத் தட்டிவிட்டு எழுந்தாள். மெஷின் சிமெண்டில் விழுந்து உடைந்தது.

"கட்!" வளவன் ஓடிவந்தான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. "அக்கா! உலகத் தரம்க்கா! இப்படி ஒரு ஷாட்டை நான் என் வாழ்க்கையில எடுத்ததில்லை!"

அவன் கன்னத்தில் அறைந்தாள். அவளுக்கே தெரியாமல் கை போய்விட்டது.

"என் முடி எங்கடா? என்கிட்ட என்ன சொன்ன?"

"அக்கா, முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க நடிச்சிருப்பீங்க. எனக்கு நடிப்பு வேண்டாம்க்கா, உண்மை வேணும். அந்தப் பொம்பளைங்க கிட்ட யாராவது கேட்டுட்டா வெட்டினாங்க?"

"கேக்காம வெட்டினது கொடுமைன்னு சொல்லத்தானே இந்தப் படம்? அதையே எனக்குச் செஞ்சு எடுப்பியா?"

"வளரும்க்கா. ஆனா இந்த ஷாட் நிக்கும். பார்க்கறவங்க ஒவ்வொருத்தரும் அந்தப் பொம்பளைங்களுக்காக அழுவாங்க."

"நான் அவங்களுக்காக அழல." அமலராணியின் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. "நல்லா கேட்டுக்க. எனக்காக அழுதேன். நீ என்னை ஏமாத்தினதுக்கு அழுதேன். இத்தனை பேரும் மரம் மாதிரி நின்னீங்களே, அதுக்கு அழுதேன். இதை எடுத்து அவங்க அழுகைன்னு காட்டினா அது பொய். அந்த ஷாட்டை அழி."

தேவதர்ஷினி தொப்பியைக் கழற்றிவிட்டு விசும்ப ஆரம்பித்தாள். "ஒரு கோடு மட்டும்தான்னு சொன்னார் அமலா. படத்துக்கு அவ்வளவு முக்கியம்னு சொன்னார். டைரக்டர் சொல்லும்போது நான் எப்படி மாட்டேன்னு சொல்றது? என்னை மன்னிச்சுடு. என்னால தாங்க முடியல" என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அமலராணி அந்தக் கையை எடுத்துவிட்டாள். வெட்டுப்பட்டவள் நான், தேற்றுவதும் நானா என்று ஆத்திரம் வந்தது. முகாமில் நடந்ததையும் இதையும் ஒரு தராசில் வைக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். அங்கே மழித்த பிறகு கொன்றார்கள். இவள் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போகப்போகிறாள். அது தெரிந்திருந்ததால்தான் கோபம் இன்னும் ஏறியது. அவ்வளவு பெரிய சாவைத் தொட வந்தவனுக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தியைத் தொடும்போது ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

கோடு போட்ட சட்டையைக் கழற்றிவிட்டுச் சேலை கட்டி, தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பின்னாலேயே ஓடிவந்து ஆட்டோ பிடித்துத் தந்தவர் பிலோமின்ராஜ் மட்டும்தான்.

அன்று மாலை அவள் கணவன் சூசைநாதன் அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் வகுப்பு எடுப்பவன். சட்டென்று கோபப்படத் தெரியாதவன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவன் மேல புகார் கொடுக்கலாமா?" என்றான். பிறகு கொஞ்சநேரம் கழித்து, "விடு ராணி, முடிதானே, வளந்துடும்" என்றான்.

"நீயும் அதையே சொல்லாத" என்று அவள் கத்தினாள். அன்று இரவு அவனோடு பேசவில்லை.

உச்சியில் ஒரு பாதை போட்டதுபோல இருந்த தலையை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது? மறுநாள் முழுக்க மழித்துக்கொண்டாள். மழித்த பெண், "வேளாங்கண்ணிக்கு வேண்டுதலாக்கா?" என்று கேட்டாள். மருத்துவமனை வாசலில் வாட்ச்மேன், "சமயபுரத்துக்குப் போயிருந்தீங்களா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எவ்வளவோ சுலபம். கேட்டவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்திருப்பார்கள். அவள் அப்படிச் சொல்லவில்லை. கேட்ட ஒவ்வொருவரிடமும், "இல்லைங்க. சினிமா எடுக்கறேன்னு கூட்டிட்டுப் போய் ஏமாத்தி வெட்டிட்டாங்க" என்று நேராகச் சொன்னாள். கேட்டவர்கள்தான் என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தார்கள். விழிக்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.

நான்காம் நாள் வளவன் போன் செய்தான். குரல் கம்மியிருந்தது. "அந்த ஷாட்டைத் தூக்கிடறேன்க்கா. எங்கம்மா மேல சத்தியம்." மீதிக் காட்சிகளை வேறொரு பெண்ணின் முதுகைக் காட்டிச் சமாளித்துக்கொள்வதாகவும் சொன்னான். அமலராணி சரி என்று போனை வைத்தாள். அறைந்ததற்குக் கொஞ்சம் வருத்தப்படக்கூடச் செய்தாள்.

இரண்டு மாதம் கழித்து பிலோமின்ராஜ் அவளுக்கு ஓர் அழைப்பை அனுப்பினார். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகும் சாலையில் இருக்கும் ஒரு சின்ன அரங்கில், ஞாயிற்றுக்கிழமை மாலை முன்னோட்டக் காட்சி. நண்பர்கள், ஆர்வலர்கள் அனைவரும் வருக. வளவன் அவளை அழைக்கவில்லை. அழைக்காததிலேயே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

சூசைநாதனின் பைக்கில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போனார்கள். அரங்கு நிறைந்திருந்தது. அமலராணி கடைசி வரிசையில், சுவர் ஓரம் உட்கார்ந்தாள். ஒரு விரற்கடை முடி முளைத்திருந்த தலையில் துண்டு போர்த்தியிருந்ததால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

படம் ஓடியது. புகை வந்தது. வேலி வந்தது. செருப்புக் குவியலும் புறாவும் வந்தன. பிறகு அவள் முகம் வந்தது.

திரை முழுக்க அவள் முகம். உறுமலை எடுத்துவிட்டு வயலின் போட்டிருந்தான். வேகத்தைக் குறைத்து, முடி காற்றில் இறகுபோல மிதந்து மடியில் விழும்படி செய்திருந்தான். அவள் உதடு கோணுவது, தொண்டை ஏறி இறங்குவது, கை உயர்ந்து தலையைத் தொடுவது எல்லாம் இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த ஷாட்டில் ஜெர்மன் அதிகாரி ஜன்னல் வழியாக அதைப் பார்க்கிறான். ஜிம்முக்குப் போய் உடம்பை ஏற்றிய, சிவந்த, அழகான பையன். அவன் கன்னத்தில் ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர் உருண்டது. அந்தச் சொட்டுக்குத்தான் வயலின் உச்சத்துக்குப் போனது.

 அமலராணியை ஏமாற்றி அழவைத்தது இதற்காகவா? கொன்றவனுக்கும் மனசு இருந்தது என்று காட்டவா? அவள் தலையை மழித்து அந்த அதிகாரிக்கு ஒரு கண்ணீர் வாங்கிக் கொடுத்திருக்கிறான் வளவன்.

படம் முடிந்தது. கைத்தட்டல் ஓயவே இல்லை. வளவன் மேடையில் மைக்கோடு நின்றான். அந்தக் கூந்தல் விழுவது மனித நாகரிகமே விழுவதைக் குறிக்கிறது என்று விளக்கினான். முன்வரிசையில் ஒருவர், அந்த நடிகையிடம் இப்படி ஒரு நடிப்பை எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டார்.

"அந்த அக்கா கேரக்டராவே வாழ்ந்துட்டாங்க சார். படத்துக்காகத் தன்னோட முடியையே கொடுத்தாங்க."

அமலராணி எழுந்தாள். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நான் கொடுக்கல" என்றாள்.

எல்லாத் தலையும் திரும்பின. வளவன் மைக்கை இறக்கினான்.

"அந்தப் பொம்பள நான்தாங்க. நான் முடியைக் கொடுக்கல. மெஷின் ஓடாதுன்னு சொல்லி உட்கார வச்சு வெட்டினாங்க. நீங்க பார்த்து அழுதீங்களே, அது நடிப்பு இல்லை. முகாம்ல இருந்த பொம்பளையோட அழுகையும் இல்லை. ஏமாந்து போன ஒருத்தி அரியமங்கலத்துல உட்கார்ந்து அழுத அழுகை. அதைத் தூக்கிடறேன்னு அவங்கம்மா மேல சத்தியம் பண்ணிட்டு இப்ப உங்களுக்குப் போட்டுக் காட்டறாரு."

அரங்கில் சலசலப்பு எழுந்தது. "அக்கா, அப்புறமா பேசிக்கலாமே" என்றான் வளவன். முன்பு கேள்வி கேட்ட முன்வரிசைக்காரர் எழுந்து நிதானமாகப் பேசினார். ஓய்வுபெற்ற பேராசிரியர் போலிருந்தார்.

"உங்க வருத்தம் புரியுதும்மா. ஆனா அறுபது லட்சம் பேர் செத்த துக்கத்தைச் சொல்ற படம் இது. அதுக்கு முன்னாடி உங்க முடியைப் பெரிசு பண்ணலாமா?"

"நான் பெரிசு பண்ணல சார். என் முடியைக் கொண்டுபோய் அவங்க சாவுக்குப் பக்கத்துல வச்சது இவர்தான். நான் வைக்கக்கூடாதுன்னு சொல்றேன். அவங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க. அதுல ஒரு வரியைக்கூட இவர் எடுத்துக்கல. அழற முகம் போதும்னு நினைச்சாரு. அது யார் முகமா இருந்தா என்ன, எதுக்கு அழுதா என்னன்னு இருந்துட்டாரு."

பேராசிரியர் உட்கார்ந்தார். ஒத்துக்கொண்டு உட்கார்ந்தாரா, சலித்துப்போய் உட்கார்ந்தாரா, தெரியவில்லை. பின்னால் யாரோ, "பப்ளிசிட்டிக்குப் பண்றாங்கப்பா" என்றார்கள். இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். மூன்றாவது வரிசையில் தேவதர்ஷினி தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். 

அப்போது மேடை ஓரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தலையில் முக்காடு, கழுத்தில் ஹெட்போன். படத்தொகுப்பு செய்த தஹ்ஸீன்.

"வளவன், அக்கா ஓகே சொல்லிட்டாங்க, அவங்களே வைக்கச் சொன்னாங்கன்னு என்கிட்ட சொன்னீங்களே?"

வளவன் மைக்கை அணைத்தான்.

"ராத்திரி பகலா அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டி ஒட்டியிருக்கேன். மெஷின் சத்தத்தை எடுக்கச் சொன்னீங்க. அதுல அவங்க 'தேவி, தேவி'ன்னு கூப்பிடறது கேட்டுச்சு. கேரக்டரை மறந்து பேரைச் சொல்லிட்டாங்கன்னு சொன்னீங்க." தஹ்ஸீன் கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றினாள். "யா அல்லாஹ், நானும் அதை நம்பினேன்."

தான் கூப்பிட்டது அமலராணிக்கு நினைவில் இல்லை.  சூசைநாதன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். வெளியே வந்தபிறகு அவன் நெடுநேரம் பைக்கைக் கிளப்பவில்லை. "முடிதானேன்னு சொல்லியிருக்கக்கூடாது நான்" என்றான்.

தஹ்ஸீன் அந்த வாரமே அந்த ஷாட்டை நீக்கி ஒரு பிரதி செய்து வளவனுக்கு அனுப்பினாள். அவன் அதை ஒதுக்கிவிட்டுப் பழையதையே விழாவுக்கு அனுப்பினான். அது தேர்வும் ஆனது. தெரிந்ததும் தஹ்ஸீனும் அமலராணியும் சேர்ந்து விழாக்காரர்களுக்கு நடந்ததை எழுதினார்கள். சாட்சியாக பிலோமின்ராஜும் தமிழிலேயே நாலு வரி எழுதிக் கொடுத்தார். பதில் வர நாளானது. படம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

வளவன் பேஸ்புக்கில் நீளமாகப் புலம்பினான். ஒரு கலைஞனை முளையிலேயே கிள்ளிவிட்டார்கள் என்று. ஆயிரக்கணக்கில் ஆறுதல் குவிந்தது. அமலராணியை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அவளுக்குத் தெரிந்தவர்களும் அதற்கு லைக் போட்டிருந்தார்கள். தேவதர்ஷினி தினமும் காலையில் ஒரு மன்னிப்புச் செய்தி அனுப்பினாள். அமலராணி படிப்பாள். பதில் எழுதமாட்டாள். பழைய மாடிப்படிப் பேச்சுகள் நினைவுக்கு வரும்போது வலித்தது. வலித்ததற்காக மன்னித்துவிட முடியுமா என்ன?

ஒரு நாள் மதியம் வளவன் மருத்துவமனைக்கே வந்தான். கையில் ஆப்பிள் பை. தாடி வளர்ந்திருந்தது. சிகிச்சை அறை வாசலில் நின்று, "ரெண்டு நிமிஷம்க்கா" என்றான்.

"சொல்லுங்க."

"அடுத்த விழாவுக்கு அந்த ஷாட் இல்லாமதான் அனுப்பறேன். ஆனா என் பேரு கெட்டுப்போச்சு. எங்களுக்குள்ள பேசித் தீர்த்துக்கிட்டோம்னு நீங்க ஒரு வரி எழுதினா போதும்க்கா."

"என்ன பேசினோம்?"

"நான்தான் சாரி சொல்றேனே."

"இங்க யாரு இருக்கா கேக்க? அதே அரங்குல, அதே ஆளுங்களைக் கூப்பிட்டு, நீங்க செஞ்சதைச் சொல்லுங்க. அந்த அக்கா கொடுக்கல, நான் ஏமாத்தி வெட்டினேன்னு சொல்லுங்க. அப்புறம் எழுதறேன்."

"அவ்வளவு பேர் முன்னாடி எப்படிக்கா? எனக்குன்னு ஒரு மானம் இல்லையா?"

அமலராணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்புக்கூட வந்தது. "மெஷின் என் தலையில ஓடினப்ப அந்தக் கொட்டகையில எத்தனை பேர் இருந்தாங்கன்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" என்றாள்.

அவன் தரையைப் பார்த்தான். பிறகு, "உங்களுக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாதுக்கா" என்று சொல்லிவிட்டு நடந்தான். ஆப்பிள் பையை மேசையில் வைத்துவிட்டிருந்தான். அவள் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், லிஃப்டுக்கு முன்னால் அவன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

உள்ளே மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட பெரியவர் ஒருவர் காலை நீட்டிப் படுத்திருந்தார்.  அமலராணி அவர் குதிகாலைப் பிடித்தாள்.

"யாரும்மா அந்தத் தம்பி? ஏதோ சத்தமா இருந்துச்சே."

"படம் எடுக்கறவருங்க ஐயா."

"என்ன படம்?"

"முழங்காலை மடக்காதீங்க. அப்படியே மேல தூக்குங்க, நான் பிடிச்சிருக்கேன்" என்றாள் அமலராணி. பிறகு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.